எண்ணெய்த் துணி

யுத்தம் முடிந்த புதிதில், கற்பிட்டித் துறையடியில் வண்டிகளுக்குக் காவல் இருந்தவர் அவர். அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவேன். வெள்ளைத் தொப்பி, தோளில் எண்ணெய் ஊறிய துணி. நான் படிப்பிக்கத் தீவுப் பாடசாலைக்குப் படகேறியதும், உப்புக்காற்று தின்னாமல் என் மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைப்பார்.

ஒருநாள் முன் பிரேக் பிடிக்கவேயில்லை. பார்த்தால் டிஸ்க் தகடு எண்ணெயில் மினுங்கியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நானா, பிரேக் பேட் இந்தத் தகட்டைத்தான் பிடிக்கிற. எண்ணெய் பட்டா வழுக்கும். துரு பரவாயில்ல, ரெண்டு தரம் பிரேக் அடிச்சா தேஞ்சு போயிரும். இதுல மட்டும் கை வைக்காதீங்க."

"ஓம் சேர். இனித் தொடமாட்டன், நம்புங்க."

நம்பினேன். பேட்டை மாற்றியபின் தகட்டைக் குனிந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து, ஒரு பின்னேரம் வண்டியை எடுத்து நிறுத்துமிடத்து வாசலுக்கு வந்தபோது ஆடொன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்காமல் மதிலில் மோதியது.

அவர் ஓடி வந்தார்.

"துரு ஏறிக் கிடந்திச்சு சேர். பாத்துக்கிட்டு இருக்க மனசு கேக்கல்ல. கொஞ்சமாத்தான் பூசின."

சொல்லிக்கொண்டே, என் முழங்கை இரத்தத்தைத் துடைக்க அதே துணியை நீட்டினார். கையை இழுத்துக்கொண்டேன். அந்த முகத்தில் கள்ளமே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.