அந்தக் காருக்கு நான் எழுதிய விலை

வாகனங்களுக்கு விலை மதிப்பிடுவது என் தொழில். மட்டக்களப்பில் இந்த வேலையைச் செய்யும் வேறு பெண்ணை நான் கண்டதில்லை. ஒரு வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கினால், எனக்குப் பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று தெருவைத்தான் முதலில் பார்ப்பார்கள். யாரும் வரமாட்டார்கள். நான் பழைய சட்டையொன்றை மேலே மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுப்பேன். அதற்குப் பிறகு பேச்சு தானாகச் சரியாகிவிடும்.

காத்தான்குடிக் காக்காவிடம் மட்டும் அப்படிச் சரியாகவில்லை. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் கத்தாரில் ஒரு பெரிய வீட்டில் நீண்ட காலம் சாரதியாக இருந்தவர். அந்த வீட்டு முற்றத்தில் வேகக் கார்கள் வரிசையாக நிற்குமாம். கழுவவும் சேர்விசுக்கு விடவும் அவர்தான் ஓட்டிக்கொண்டு போவார். தனக்கென்று அவற்றில் ஒரு தெருகூடப் போனதில்லை. ஊருக்குத் திரும்பி வீட்டைக் கட்டி, மகளுக்குக் கல்யாணமும் முடித்துவிட்டு, கொழும்பில் கைமாறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தார். இரண்டு கதவு, கருநீலம், தரையோடு பதிந்த உடம்பு. எங்கள் வாவிக்கரை வீதியில் அது வந்தால் ஆட்டோக்காரர்கள் ஓரம்கட்டி நின்று பார்ப்பார்கள்.

அவருடைய மனைவியை நான் ராத்தா, அக்கா என்ற முறையில், கூப்பிடுவேன்; அவர் நெசவு செய்பவர். வீட்டின் பின்பக்கம் தறி போட்டிருந்தார். துணி கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். தனியாக ஒரு நெசவுக் கொட்டில் வேண்டும் என்றார். காரை விற்றுவிடலாம் என்று இருவரும் முடிவெடுத்து, விலை மதிப்பிட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

காரைத் தூக்கி அடியைப் பார்த்தேன். பிறகு காக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலம் வரை ஓட்டினேன். முதல் வேகத்தடையிலேயே காரின் வயிறு உரசியது. மெதுவாக ஊரும்போது கியர் மாறுகிற இடத்தில் ஒரு சின்னத் திணறல். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகளில்தான் அந்தக் கார் நிற்கிறது. முன்பக்கப் பையின் ரப்பரில் வெடிப்பு விழத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்து விலையை எழுதிக் கொடுத்தேன். காக்கா அதைப் பார்த்துவிட்டு, நான் தவறான காரைப் பார்த்துவிட்டேனோ என்பதுபோல என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, இது என்ன விலை? நான் வாங்கினதில பாதியும் இல்லையே!”

“இதுதான் காக்கா சரியான விலை.”

“ஊரில ஓட்ட வேனுக்குக்கூட விலை ஏறியிரிக்கு. டவுனில அந்த பறங்கி அன்ரிட பழைய ரெண்டு சீட் கார் இரிக்கே, அதுக்கு ஆக்கள் வரிசையா வந்து கேக்குறாங்களாம். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்தானே. என்ட கார் அத விட ரெண்டு மடங்கு ஓடும். அது ஏறுது, இது ஏன் இறங்குது?”

நியாயமான கேள்வி. பறங்கியர் குடும்பத்து அந்த அன்ரியின் காரையும் நான் பார்த்திருக்கிறேன். இறந்துபோன கணவர் வைத்திருந்த கார் அது. வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் எங்கள் நாட்டில் எல்லாவற்றுக்கும் விலை ஏறியதால், வாகனம் என்றாலே ஏறும் என்ற எண்ணம் ஊரில் ஊறிப்போயிருந்தது. இறக்குமதி திரும்பத் திறந்த பிறகும் அது போகவில்லை.

“காக்கா, அன்ரிட கார் சின்ன என்ஜின். கையால கியர் மாத்திறது. கம்பியூட்டர் எண்டு ஒண்டும் இல்ல. பழுதானா டவுனிலயே திருத்தலாம். அந்த மொடலைச் செய்யிறத எப்பவோ விட்டுட்டாங்க. இருக்கிறதுதான் இருக்கு, தேடுற ஆக்கள்தான் கூட. உங்கட கார் அப்பிடியில்ல. இதைவிட வேகமான புதுசு அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கு. புதுசா வாங்கின ஆள் இந்தத் தோல் சீட்டுக்கும் பாட்டுப்பெட்டிக்கும் தனித்தனியாக் காசு கட்டியிருப்பார். ரெண்டாவதா வாங்குற ஆள் அதுக்கெல்லாம் ஒண்டும் தரமாட்டார். அவர் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான்: இந்தக் கியர்பெட்டி போனா எனக்கு என்ன நடக்கும்?”

“பொம்புளைப் புள்ளைக்கு ஸ்போர்ட்ஸ் காரப் பத்தி என்ன விளங்கும்!” என்றார் காக்கா.

கோபத்தில் சொன்ன சொல். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் விலையை மாற்றவில்லை. “நீங்க கொழும்புக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்க. ஆனா இந்த ரப்பர் வெடிச்சிருக்கு, கவனம்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வீடு வந்து சேரும்வரை எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: யார் கேட்டாலும் இதே விலையைத்தான் சொல்லுவேன்.

அடுத்த கிழமை ஒரு நண்பகலில் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“தங்கச்சி, கொழும்பால திரும்பி வார வழியில நான் புனாணையில நிக்கிறன். கார் படுத்திட்டு.”

வாழைச்சேனையில், பழுதான வண்டிகளை ஏற்றிப்போகும் கெரியர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனேன். காடு இரண்டு பக்கமும் நிற்கிற அந்த வீதியில், யானை கடக்கும் இடம் என்ற பலகைக்குப் பக்கத்தில், காரின் முன்பக்கம் தரையோடு குந்திவிட்டிருந்தது. காக்கா தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு மர நிழலில் இருந்தார். கொழும்பில் போன இடமெல்லாம் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“எல்லாரும் ஒங்கட வாயாலதான் பேசுறானுகள். ஒருத்தன் நீங்க எழுதினதுக்கும் கீழ கேட்டான். எனக்கு வெக்கமாப் போயிட்டு தங்கச்சி. கத்தார்ல எங்கட முதலாளி ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா காரை மாத்துவார். அது ஏனெண்டு எனக்கு இப்பதான் விளங்குது. இறங்குறதுக்கு முந்தித் தள்ளிப்போடுறார். அவர் தள்ளிவிட்ட மாதிரி ஒண்டத்தான் நான் ஆசைப்பட்டு வாங்கியிரிக்கன்.”

காரை ஓட்டமாவடியில் ஒரு கராஜில் இறக்கினோம். கராஜ்காரர் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார்: பையை ஒட்டுப்போட்டுக் காற்றடித்தால் ஒரு மாதம் நிற்கும், அதற்குள் யாருக்காவது தள்ளிவிடலாம். காக்கா என்னைப் பார்த்தார். கொட்டிலுக்குச் சீமெந்துக் கல் ஏற்கனவே வந்து இறங்கியிருந்ததும், ராத்தா புதுத் தறி செய்யச் சொல்லிவிட்டிருந்ததும் எனக்குத் தெரியும்.

“அப்பிடி விக்கிறதெண்டா விக்கலாம் காக்கா. அதுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்” என்றேன்.

அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கதவைத் திறந்து மூடினார். “வேணாம்” என்றார் கராஜ்காரரிடம். “வாங்குற ஆளும் புனாணையில நிக்கணுமா? புதுப் பையக் கொண்டுவந்து மாத்துங்க.”

அந்தப் பை வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை. இந்தக் காரை நம்மூரில் விற்க முடியாது. இதைப் பற்றி நன்றாகத் தெரிந்த, அதன் செலவுக்குப் பயப்படாத ஒருவர் எங்கேயாவது இருக்கவேண்டும். தெரிந்த கராஜ்களை எல்லாம் அழைத்து, அதே மொடலை யார் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தேன். பலர் சிரித்தார்கள். சிலர் பதிலே சொல்லவில்லை. நான் விடவில்லை. கடைசியில் கண்டியில் ஒருவர் அகப்பட்டார். அதே காரை வைத்து ஓட்டுகிறவர். இன்னொன்றும் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்.

அவர் வந்த அன்று, காக்கா வாய் திறப்பதற்கு முன்பே நான் குறைகளைச் சொன்னேன். கியர்பெட்டியின் திணறல், வயிற்றில் உரசிய இடங்கள், உப்புக்காற்று அரித்திருந்த திருகாணிகள். அவர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். நான் எழுதிய விலைக்கு ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரி என்றார்.

வண்டியைக் கையளிக்க முன்னர் ஒருநாள் தவணை கேட்டார் காக்கா. மறுநாள் காலையில் ராத்தாவை ஏற்றிக்கொண்டு கதிரவெளி வரைக்கும் போய் வந்தார். அதுவரை ராத்தா அந்தக் காரில் ஏறியதே இல்லையாம். “முழங்கால் நாடில முட்டுது. இதுக்கா இவர் இவ்வளவு ஆசைப்பட்டார்!” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். “ஆனா பனிச்சங்கேணிப் பாலத்தில ஒரு வேகம் எடுத்தாரே தங்கச்சி, எனக்கும் இறங்க மனமில்ல.”

அடுத்த நாள் கண்டிக்காரர் காரை எடுத்துக்கொண்டு போனார். சந்தி திரும்பும்வரை காக்கா வாசலில் நின்று பார்த்தார். நான் ஆறுதல் சொல்ல ஏதாவது தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தேவைப்படவில்லை.

“தங்கச்சி, நூல் ஏத்த ஒரு சின்ன லொறி வேணும். ஏறாவூரில ஒண்டு நிக்கிதாம். நீங்க அடியப் பாத்துச் சொல்லாம நான் கைவைக்கமாட்டன். எப்ப வருவீங்க?”

“நாளைக்கு விடியவே வாறன் காக்கா.”