அல்லைப்பிட்டியில் நின்ற கார்

தீப்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மச்சாளின் வேலை மேசைதான் நினைவுக்கு வருகிறது. மச்சாள் என் தாய்மாமனின் மகள். ஊர்காவற்றுறையில் மீன்பிடி வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்தத் தொடங்கி, பிறகு கார்களிலும் கை வைத்தவர். என்னைப் பெற்ற ஐயா ஓட்டிய பழைய காரின் எஞ்சினைப் பிரித்துக் கட்டித்தர வேறு எவரும் சம்மதிக்காதபோது, "கொண்டு வாரும், மச்சான். ஓடாட்டி அதுக்குள்ளை கோழி வளர்ப்பம்" என்று ஏற்றுக்கொண்டவர்.

பிஸ்டனைக் கீழே சுழலும் தண்டோடு இணைக்கும் இரும்புக் கையைக் கொனெக்ரிங் றொட் என்பார்கள். அதன் மேல்முனையில், பிஸ்டனின் ஊசி எனப்படும் குறுக்குத் தண்டு ஆடும் இடத்தில், ஒரு வெண்கல வளையம் இருக்கும். அதுதான் புஷ். எங்கள் காரில் நான்குமே தேய்ந்திருந்தன. புதிய புஷ்ஷை இறுக்கி ஏற்றியபின், றொட்டில் உள்ள எண்ணெய்த் துளை வழியாகவே புஷ்ஷிலும் துளையிட வேண்டும். அந்தத் துளை இல்லாவிட்டால் உள்ளே எண்ணெய் போகாது; ஊசி சூடேறி இறுகிவிடும். மச்சாளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. துளையிட்டு முடித்த ஒவ்வொரு றொட்டிலும் ஒரு தீக்குச்சியைச் செருகி வைப்பார். றொட்டை எஞ்சினில் பூட்டும்போது குச்சியை உருவி மேசையில் போடுவார்.

போன வருடம் பெரிய வியாழனன்று அந்த வேலை நடந்தது. பெரிய வெள்ளியில் எங்கள் வீடுகளில் ஆணி அடிப்பதில்லை, சுத்தியல் தூக்குவதில்லை. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாளில் இரும்போடு இரும்பு படக்கூடாது. மச்சாள் வியாழன் மாலைப் பூசைக்கு முன்னரே பட்டறையைப் பூட்டிவிடுவார். சனிக்கிழமை கொழும்பிலிருந்து ரயிலில் வரும் மகனைக் கூட்டிவரக் கார் வேண்டுமென்று நான் விடியற்காலையிலிருந்தே அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"போய் முழந்தாளிலை நிண்டு செபம் சொல்லும், மச்சான். இஞ்சை நிண்டு என்ர உயிரை எடுக்காதையும்."

கோயில் மணி அடித்தபோது எஞ்சின் காரில் ஏறி உறுமிக்கொண்டிருந்தது. மேசையை ஒதுக்கக்கூட நேரமில்லாமல் கதவைப் பூட்டிக்கொண்டு அவர் பூசைக்கு ஓடினார்.

சனிக்கிழமை காலை, புதிதாக லைசென்ஸ் எடுத்த மகள் காரை ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன். சரவணை, வேலணை தாண்டி அல்லைப்பிட்டியை நெருங்கும்போது பின்னால் ஒரு ஸ்கூட்டர் விடாமல் ஹோர்ன் அடித்தது. மகள் கண்ணாடியைப் பார்த்தாள். மச்சாள்தான்.

"அப்பா, மாமி எங்களோடை றேஸ் ஓட வாறா!"

அவள் வேகத்தைக் கூட்டினாள். நான் சிரித்தேன். இன்னும் சில நிமிடங்களில் நகரத்துக்குப் போகும் பண்ணைப் பாதை, அதில் பாலம். இரண்டு பக்கமும் கடல், முன்னும் பின்னும் பஸ்கள். அதை நெருங்கிக்கொண்டுதான் நான் சிரித்தேன்.

மச்சாள் எங்களை முந்திப்போய் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினார்.

"எஞ்சினை நூர், பிள்ளை! நிப்பாட்டு!" பிறகு என்னைப் பார்த்தார். "நான் பிழை விட்டிட்டன், மச்சான். இப்பதான் மேசையைத் துப்பரவாக்கினனான். மூண்டு குச்சிதான் கிடக்கு. ஒரு புஷ்ஷுக்கு ஓட்டை போடேல்லை."

தேநீர்க்கடை வாசலில் நின்ற ஒருவர், "பொம்பிளை பூட்டின எஞ்சின் எண்டா இப்பிடித்தான், அக்கா" என்றார். அங்கு நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஓம் தம்பி. பொம்பிளை பூட்டினபடியாத்தான் பின்னாலை ஓடி வந்து சொல்லுறன். நீர் பூட்டியிருந்தா இப்ப வீட்டிலை படுத்திருப்பீர்."

காரை உழவு மெஷினில் கட்டிப் பட்டறைக்கு இழுத்துப்போய் மத்தியானமே எஞ்சினைத் திறந்தோம். பஸ்ஸில் வந்து சேர்ந்த மகன், கார் எங்கே என்று முறைத்தபடி நின்றான். நான்காவது புஷ்ஷில் துளை இல்லை. ஊசி சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. மச்சாள் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "பாலத்திலை வைச்சு இறுகியிருக்கும்" என்றார்.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். கார் எங்கே நின்றிருந்தாலும், பழைய எஞ்சின்தானே என்று நானே அவரைத் தேற்றியிருப்பேன். ஊர் தன் வேலையை நம்புவதில்தான் அவருடைய சோறு இருக்கிறது. அதே ஊர் பார்த்துச் சிரிக்க, தெருவில் நின்று பிழையைச் சொன்னார். அலுவலகத்தில் என் ஆயுளின் பாதி போயிற்று. பிழை விட்டவர் தானாக எழுந்து வந்து சொன்னதை அங்கே நான் ஒருநாளும் கண்டதில்லை. அவர் பிழையே விடாமல் வேலையை முடித்துத் தந்திருந்தால், இவ்வளவு நன்றி எனக்குள் இருந்திருக்குமோ தெரியாது.

எஞ்சின் திருந்திய பிறகும் நான் மகளிடம் காரை ஓட்டத் திறப்பைக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு சாட்டுச் சொன்னேன். ஒருநாள் மச்சாள் வந்து திறப்பை வாங்கி மகளிடம் கொடுத்து, அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். "நீர் பின்னாலை இரும். மூச்சை அடக்காமல் விடும். உமக்கு ஏதும் வந்தா எனக்குத் திருத்த ஏலாது."

பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். பாதி வழியில், எஞ்சின் சத்தம் ஒரே சீராக வருவதைக் கேட்டுத் திறந்தேன். மகள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மச்சாள் சிரிக்கவில்லை. ஒரு கை கதவுப்பிடியை இறுகப் பற்றியிருந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அருள்நிறை மரியே செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. அவருக்கும் என்னளவு பயம் இருந்திருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் என் பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்.