வெக்கைக்குக் கழற்றியது

துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிளினிக்கில் இருந்த அந்த டொக்டர் மெலிந்த பெண். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணில் பந்தடிபட்ட எங்கள் விக்கெட் கீப்பரை நான் கூட்டிப்போன அன்று, அவர் துடைப்பதை நிறுத்தவே இல்லை.

நடந்ததைச் சொன்னேன். அடிபட்டதும் எங்கள் அணிப் பெடியள் துவாயைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் வைத்து அழுத்தியிருந்தார்கள்.

“கிழிஞ்ச கண்ணை அமத்தினா உள்ளுக்க இருக்கிறது வெளியில வந்திடும்! கை வைக்காமல் கொண்டு வர ஏலாதோ?”

தேத்தண்ணிக் கடதாசிக் கோப்பையை வெட்டி, கண்ணில் முட்டாமல் கவிழ்த்து, பிளாஸ்டர் ஒட்டினார். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஹெல்மெட் இல்லையோ?”

“இருக்கு டொக்டர். வெக்கைக்குக் கழட்டிட்டார்.”

“இடுப்புக்குக் கீழ கட்டுற கார்ட்டையும் வெக்கைக்குக் கழட்டினவரோ?”

எனக்கு முகம் சுட்டது. ஒரு பொம்பிளை கேட்கிற கேள்வியா இது என்று வெளியே வந்து பெடியளிடம் கொதித்தேன்.

கீப்பருக்கு அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. இப்போது எங்கள் மட்ச்சுகளுக்கு அவர்தான் அம்பயர். ஹெல்மெட்டைக் கழற்றுகிறவனைக் கண்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மைதானத்துக்கே கேட்கிற குரலில், அந்த டொக்டரின் கேள்வியைத்தான் கேட்கிறார்.