வரதனுக்கு வசனம் மறந்ததே இல்லை

வரதன் போய்விட்டான். காலையில் அவன் மகன் போன் செய்தான்...

எழுபதுகளின் கடைசியில், டெல்லி கிட்வாய் நகர் தமிழ் நாடகக் குழுவின் ஹீரோ அவன். நான் ப்ராம்ப்டர். பத்தாவது தேறியவனுக்குத் திரைக்குப் பின்னால் நின்று அடுத்தவன் வசனத்தைப் படிப்பதே பெரிய பதவி.

என் பெண் டெல்லியில் பிறந்தவள், தமிழ் படிக்க மாட்டாள். படித்துவிட்டுச் சிரிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வரதனுக்குக் காதில் குரல்கள் கேட்கும் வியாதி. மாத்திரையில் பெரும்பாலும் அடங்கியிருந்தது. ஆனால் ஒரு பொங்கல் விழாவில் மேடை நடுவே அப்படியே நின்றுவிட்டான். கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை.

மறந்துவிட்டான் என்று நினைத்து வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் சத்தமாக... இன்னும் சத்தமாக... முன்வரிசைக் குழந்தைகள் கோரஸாகச் சொன்னார்கள். அவன் சொல்லவில்லை. திரையை இறக்கினோம்.

மறுநாள் டீக்கடையில் கேட்டேன். "மறுபடியும் குரலாடா?"

"இல்லடா. குரல் வந்தா நாங்க ரெண்டு பேரா இருப்போம். இது வந்தா நானே இருக்க மாட்டேன். எங்கேயோ மேல இருந்து, வரதன்னு ஒருத்தன் நிக்கறதைப் பார்த்துட்டிருப்பேன்."

"வசனம்?"

"அத்தனையும் தெரியும். வாய்தான் என்னோடது இல்ல. நீ கத்தக் கத்த இன்னும் தூரமாப் போனேன், கழுதை! மெதுவாக் கூப்பிடு. கையில சில்லுன்னு ஏதாவது கொடு."

குழுச் செயலாளர் அவனுக்கு இனி வேஷமே கிடையாது என்றார். நான் வீரமாக, "அவன் இல்லேன்னா நானும் இல்ல சார்" என்றேன்.

"அச்சா! நாடகம் அமைதியா நடக்கும்."

கெஞ்சிக் கூத்தாடியதில், கடைசியாக ஒரு நாடகம் என்று இறங்கி வந்தார். அதிலும் நின்றால் வரதன் அவுட்.

அடுத்த வருஷம், ஜனவரிக் குளிர். கடைசிக் காட்சி. நின்றுவிட்டான்.

புத்தகத்தைப் போட்டுவிட்டு, குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக மேடைக்குள் நடந்தேன். கையில் எவர்சில்வர் டம்ளர், ஐஸ் மாதிரி குழாய்த் தண்ணீர்.

"ஐயா, தண்ணி." அவன் கையில் வைத்தேன். காதருகே, "வரதா, நான்தான்டா. கிட்வாய் நகர்ல இருக்கோம். நாடகம் நடக்குது."

விரல்கள் டம்ளரை இறுக்கின. ஒரு வாய் குடித்தான். கண்ணுக்குள் ஆள் வந்தான்...

பிறகு பேசினான் பாருங்கள்! ஒரு பக்க வசனம், ஓர் எழுத்து பிசகாமல். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. செயலாளரும்தான். வேலைக்காரன் நடிப்பு பிரமாதம் என்று என்னையும் பாராட்டினார்கள்.

"உனக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல வசனம் கொடுக்கக் கூடாதுடா" என்றான் வரதன்.

அதன் பிறகு அவன் இல்லாமல் நாங்கள் நாடகமே போடவில்லை. சில தடவை நின்றான்... ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தான். எங்கள் புராண நாடகத்தில்கூட, குரங்குக் குல்லா போட்ட வேலைக்காரன் ஒருவன் தண்ணீரோடு வருவான்.

போய் வாடா, வரதா.