மேடம் இல்லாத நேரம்

எங்கள் நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக நான்தான். நான்கு கண்ணாடி அலமாரி, ஒரு மேஜை, ஒரு ரிஜிஸ்டர், ஒரு சாவிக்கொத்து, அப்புறம் நான். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஐந்து நிமிஷ நடை. அந்த ஐந்து நிமிஷம் நடந்து வந்து தமிழில் ஒரு புத்தகம் கேட்கத் திருவனந்தபுரத்தில் நாதியில்லாமல் போய்விட்டது என்று நான் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் கமிட்டி ஒரு முடிவெடுத்தது. ஆறு மாதம் பார்ப்பது. தமிழ்ப் புத்தகம் எடுக்க ஆள் வந்தால் பிரிவு இருக்கும். வராவிட்டால் புத்தகங்களைச் சாக்கில் கட்டிவிட்டு, ஹாலைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவது.

சாக்காம், சாக்கு! ஒவ்வொரு புத்தகத்துக்கும் நானே அட்டை போட்டவள். பூச்சி வராமல் வேப்பிலை வைத்தவள். அதைப் போய் வெங்காயம் கட்டுகிற மாதிரி கட்டுவார்களாம்.

கடைசி முயற்சியாக ஒரு வெப்சைட் போட்டுப் பார்க்கலாம் என்றார் செயலாளர். பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற மலையாளி. தங்கமான மனுஷர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்ல மாட்டார். என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார். "மேடமே, ஆளுங்க எல்லாம் இப்போ போனுக்குள்ளதானே இருக்கு? நாமளும் அங்க போகணும், கேட்டோ" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். சாக்கைத் தவிர வேறு எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தேன்.

வெப்சைட் செய்ய வந்தவள் சாலை பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். வந்ததும் "சேச்சி" என்றாள். தமிழ்ப் பிரிவுக்குள் நின்றுகொண்டு சேச்சியா என்று கேட்டேன். "சரி, மாமி" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

"கம்ப்யூட்டர்ல வேண்டாததைப் போடற இடத்துக்குக் குப்பைக்கூடை படம் இருக்குல்ல மாமி, அதை யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? பார்த்ததும் தெரியுது. அதே மாதிரி நம்ம சைட்டும் நம்ம லைப்ரரி மாதிரியே இருந்தா, உள்ள வர்ற ஆளுக்கு ஒண்ணும் சொல்லித் தர வேண்டாம். கால் தானா நடக்கும்" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கமிட்டிக்கு இது போதாதா? லைப்ரரி மாதிரியே என்றதும் ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவருக்கு வாசலில் குத்துவிளக்கு எரிய வேண்டும். ஒருவருக்கு நிறுவனர் படமும் அதற்கு மாலையும். இன்னொருவர், செருப்பை வெளியே விடாமல் யாரும் உள்ளே வரக்கூடாது, அது நம் ஐதீகம் என்று ஒற்றைக் காலில் நின்றார். பாவம், அந்தப் பெண் அதையும் செய்தாள். திரையில் ஒரு ஜோடி செருப்பு வரும், அதை விரலால் தொட்டு ஓரமாகத் தள்ளினால்தான் கதவு திறக்கும். முதல் நாள் தொட்டுப் பார்த்த உறுப்பினர் ஒருவர், திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்குமா என்று விசாரித்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. போன மாதம்தான் கோவில் வாசலில் புதுச் செருப்பைத் தொலைத்திருந்தார்.

அடுத்த ஒரு வாரம் அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் ஹாலில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் எப்படிப் பூட்டைத் திறக்கிறேன், வருகிறவர் எங்கே நிற்கிறார், எதைப் பார்க்கிறார் என்று எழுதிக்கொண்டே இருந்தாள். எங்கள் அலமாரிகள் எப்போதும் பூட்டித்தான் இருக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, என்ன வேண்டும் என்று மேஜைக்கு வந்து சொன்னால் நான் எழுந்து போய்த் திறந்து எடுத்துத் தருவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு புத்தகம் காணாமல் போனதில்லை. இதை நான் அவளிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன்.

வாரக் கடைசியில் படத்தைக் காட்டினாள். என் நான்கு அலமாரிகளும் அப்படியே. என் மேஜை. மேஜைக்குப் பின்னால் நான். மூக்கின் நுனியில் கண்ணாடி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, கொண்டையில் சொருகின பேனா. புத்தகத்தைத் தொட்டால் அது மேஜைக்கு வரும். பிறகு என் படத்தைத் தொட வேண்டும். நான் நாலு கேள்வி கேட்பேன். கார்டு இருக்கா? போன தடவை எடுத்ததைக் கொடுத்தாச்சா? பக்கத்தை மடக்க மாட்டேளே? இதை எதுக்குப் படிக்கணும்?

நாலாவது கேள்வியை நான் கேட்பதே இல்லை என்றேன். அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அந்த வாரம் நாலு பேர் வந்திருந்தார்கள், நாலு பேரிடமும் கேட்டிருக்கிறேன். நாலு பேரும் வெறுங்கையோடு போனார்கள் என்றும் கீழே எழுதியிருந்தாள். அந்த வரி அப்போது என் கண்ணில் படவில்லை. நான் படத்திலிருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி குளிர்ந்துபோய் இருந்தது. தஞ்சாவூரில் இருக்கும் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அப்படியே நீதான்க்கா. எனக்கே பயமா இருக்கு" என்று பதில் போட்டாள். கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

வெப்சைட் திறந்து இரண்டு மாதம் ஆயிற்று. ஜனங்கள் வந்தார்கள். அதுதான் வேடிக்கை. விளக்கேற்றினார்கள், செருப்பை விட்டார்கள், அலமாரி அலமாரியாகப் பார்த்தார்கள், புத்தகத்தை எடுத்து மேஜை வரைக்கும் கொண்டுவந்தார்கள். அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தர்கூட என் படத்தைத் தொடவில்லை. நான் காரணங்களை வரிசையாகச் சொன்னேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறதுகள், தமிழை எழுத்துக்கூட்டக்கூட வரவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கண்ணும் மூளையும் கெட்டுவிட்டன. நெட்டும் சரியாக இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பெண் பத்திரிகை படிக்கிற அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, அங்கிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "இதுல ஒரு தமிழ்ப் புத்தகம் எடுங்க பார்ப்போம்" என்றாள். நான் பக்கத்து அலமாரிக்குப் பின்னால் தூசி தட்டுகிற சாக்கில் நின்றுகொண்டேன்.

முதலில் உட்கார்ந்தவர் சாலை பஜாரில் ஒரு ஓட்டலில் வேலை செய்கிறவர், நாங்குநேரிக்காரர். விறுவிறுவென்று மேஜை வரை வந்தார். என் படம் வந்ததும் கையை எடுத்துவிட்டார். "மேடம் பிஸியா இருப்பாங்க. நான் அப்புறமா வாரேன்" என்றார். லேப்டாப்பிடம். அடுத்தவர் கோவில் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என் படத்தைக் கண்டதும், மேஜைமேல் வைத்திருந்த காய்கறிப் பையைச் சட்டென்று மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மூன்றாவதாக வந்த கல்லூரிப் பெண் பின்னால் திரும்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "இதைத் தொடாம போக வேற வழி உண்டா?" என்று கேட்டாள்.

தூசி தட்டுகிற துணி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. சுருக்கென்றது. அடுத்த நொடி கோபம் வந்தது, அதுதானே எனக்கு முதலில் வரும். நான் யாரையாவது கடித்துத் தின்றேனா?

அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் சொன்னேன், படத்தைக் கொஞ்சம் சிரிக்க வை என்று. சிரிக்க வைத்தாள். இரண்டு நாளில் மூன்று போன் வந்தது, மேடத்துக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று. ஒருவர் சைட்டை யாரோ களவாண்டுவிட்டார்கள் என்று செயலாளரிடம் புகார் கொடுத்தார்.

"மாமி, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தாள் அவள். எடுத்துக்கொள்ளத்தான் போகிறேன் என்று தெரிந்தும் சொல்லச் சொன்னேன். "உங்க படத்தை எடுத்துட்டு வெறும் மேஜையை மட்டும் வைக்கட்டுமா? கேள்வியும் வேண்டாம். மேஜையைத் தொட்டா போதும். நீங்க புத்தகத்தை எடுத்து, அவங்க கார்டு நம்பரைச் சீட்டுல எழுதி உள்ள வெச்சு, மேஜைமேல வெச்சிடுங்க. வந்து ரிஜிஸ்டர்ல எழுதிட்டு எடுத்துட்டுப் போகட்டும்."

"பூட்டாமல் வெளியிலயா?" என்றேன்.

"சாக்குல போறதுக்கு இது தேவலை இல்லையா மாமி?"

சரி என்றேன். ஆறு மாதத்தில் நாலு மாதம் போய்விட்டிருந்தது.

படம் போன மறுநாளே இரண்டு புத்தகம் கேட்டு வந்தது. அந்த வாரம் மேஜைமேல் ஒரு அடுக்கு சேர்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அட்டையைத் துடைத்துச் சீட்டு வைத்து அடுக்கி, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். ஒருத்தரும் எடுக்க வரவில்லை. படியேறுகிற சத்தம் கேட்கும், கதவருகே ஒரு தலை தெரியும், திரும்பிப் போகும்.

வெள்ளிக்கிழமை, சைட்டில் சந்தேகம் கேட்கிற பெட்டியில் ஒரு செய்தி வந்தது. அந்தப் பெட்டிக்கு வருவதெல்லாம் என் போனுக்குத்தான் வரும், பதில் போடுவது நான்தான். எழுதியவருக்கு அது தெரியாது. "ஐயா, நான் கேட்ட புத்தகம் தயார் என்று காட்டுகிறது. மேடம் இல்லாத நேரம் எது என்று சொன்னால் வந்து எடுத்துக்கொள்வேன். உபகாரமாக இருக்கும்."

எத்தனை மரியாதையாகக் கேட்டிருக்கிறார் பாருங்கள். என்ன புத்தகம் என்று சீட்டைப் பார்த்தேன். பேய்க்கதைத் தொகுப்பு. அவர் நேரில் வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். "இதெல்லாம் ஒரு புத்தகமா? நல்லதா ஒண்ணு எடுங்கோ" என்று சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேரிடம் சொன்னேனோ. அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு பதில் எழுதினேன். "மூன்று மணியிலிருந்து நாலு மணி வரை மேடம் இருக்க மாட்டார்கள்."

எழுதினபடி நடக்க வேண்டுமே. மூன்று மணிக்கு எழுந்து வெளியே போனேன். போவதற்கு ஓர் இடம் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றேன். தெரிந்தவர்கள் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள், ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு ஊர் சொன்னேன். திரும்பி வந்தபோது மேஜைமேல் பேய்க்கதை இல்லை. அதன் கீழே இருந்த ஐந்தும் இல்லை. ரிஜிஸ்டரில் ஆறு கையெழுத்து, எல்லாம் தமிழில், எல்லாம் கட்டத்துக்குள். ஒரு புத்தகம் அதிகமாகப் போகவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் மூன்று மணிக்கு டீ குடிக்க என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆறாவது மாதம் கமிட்டி கூடியபோது பழைய ரிஜிஸ்டர் தீர்ந்து புதிதாக ஒன்று தொடங்கியிருந்தோம். கமிட்டியின் மினிட்ஸ் எழுதுகிற வேலையும் என்னுடையதுதான், அதனால் மேஜையின் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். தமிழ்ப் பிரிவு அதே ஹாலில் தொடரும் என்று செயலாளர் வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். என் நான்கு அலமாரிகளும் இருக்கும். யாரும் சாக்கு எடுத்து வர மாட்டார்கள். மனசு நிறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

செயலாளர் இன்னொரு காகிதத்தை எடுத்தார். வாசகர்கள் நல்ல ஒத்துழைப்புத் தருகிற காரணத்தால், மேடத்தின் டீ நேரத்தை ஒரு மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாக நீட்டிக்கலாம் என்று தீர்மானம். எதிர்ப்பு யாருக்கும் இல்லை.

"மூணு மணி நேரம் நான் எங்கே போய் உட்கார்றது சார்?" என்று கேட்டேன்.

அவர் அக்கறையாக யோசித்தார். "எங்க வேணும்னாலும் உட்காரலாம் மேடமே. பத்திரிகை ரூம்ல மட்டும் வேண்டாம், அங்கேயும் ஆளு வரும் அல்லே?" என்றார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.