"ஒன்றும் இல்லை" என்று எழுதியவர்

பல்செட்டுக்காரர் என்றால் அந்தப் பூங்காவில் பறவை பார்க்க வருகிற எல்லோருக்கும் தெரியும். வாரம் ஆறு நாள் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு செய்து பல் பதிப்பது அவர் தொழில். ஏழாம் நாள் விடிந்ததும் கழுத்தில் பைனாகுலரும் கையில் நோட்டுமாகப் பூங்காவில் நிற்பார். பத்தொன்பது வருஷமாக இதே கூத்து. யார் எந்தப் பறவையைப் பார்த்தாலும், அதன் குரலைக் கேட்டாலும், அது நோட்டில் ஏற அவர் தலையசைக்க வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. அவரே ஏறி உட்கார்ந்துகொண்ட நாற்காலி அது. மற்றவர்களும் போனால் போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் அந்தத் தலையசைப்புக்கு ஒரேயடியாக மவுசு வந்தது. பூங்காவின் வடக்கு மூலையில் இருந்த பதினொரு ஊசியிலை மரங்களை வெட்டிவிட்டு வண்டி நிறுத்த இடம் போடலாம் என்று பூங்கா அலுவலகம் நினைத்தது. வலசை வரும் பறவை அங்கே தங்குகிறது என்றால் மட்டும் மரத்தைத் தொடமாட்டார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமை பார்த்து எழுதிக் கொடுங்கள் என்று பல்செட்டுக்காரரிடம் கேட்டிருந்தார்கள்.

அங்கே தங்கக்கூடியது ஒரே ஒரு குருவிதான். கட்டைவிரல் அளவு உடம்பு, உச்சந்தலையில் மஞ்சள் கோடு. பொன்னுச்சி என்று கூப்பிடுவார்கள். இலைக்குள் புகுந்தால் கண்ணில் படவே படாது. ஊசி போன்ற மெல்லிய குரலை வைத்துத்தான் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

நான்காவது ஞாயிறு, பள்ளி வேன் ஓட்டுகிற பெண் மரத்தடியில் நின்றுவிட்டார். கூட்டத்தில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வேன்காரம்மா என்று பெயர்.

"சார், இங்க கேக்குது. மூணு இருக்கும் போல."

பல்செட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"அது உங்க வேன் பிரேக் சத்தம்மா. வாரம் பூரா கேட்டுக் கேட்டு காதுலயே குடியேறிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரைப் போலவே அறுபதைத் தாண்டியவர்கள். மீதிப் பேருக்கு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எதுவும் கேட்கும். வேன்காரம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. நோட்டில் "ஒன்றும் இல்லை" என்று ஏறியது.

ஆறாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் மாலை, கடைசியாக ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்று, பல்செட்டுக்காரர் போனில் பொன்னுச்சியின் குரலைப் போட்டார். சத்தமே வரவில்லை. ஒலியைக் கூட்டினார். அப்போதும் வரவில்லை. பாழாய்ப்போன போன் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, அந்தக் கீச்சுக் கீச்ச நிறுத்துங்களேன். காதக் குடையுது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்குக் கேக்குதா?"

"பக்கத்து வீட்டுக்கே கேக்கும்."

வயதானால் இப்படிக் கீச்சுக் குரல்தான் முதலில் காதை விட்டுப் போகும் என்று எங்கேயோ படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டை விட்டுக் கிளம்பினார். என் காது போச்சு, இதுவரை எழுதியதை அடித்துவிடுங்கள். இரண்டே வரி. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். மரத்தடியில் ஏழு பேர் நின்றார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர், "என்ன சார், ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார். ஏழு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்கள். சொல்ல வந்ததை அப்படியே மென்று விழுங்கினார் மனுஷன்.

"ஒண்ணும் இல்ல."

எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். 

எழுதிக் கொடுத்த பத்தாம் நாள் மரங்களை வெட்டினார்கள். பல் மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி இருந்தது. ரம்பம் ஓடுகிற சத்தம் மட்டும் அவருக்கு நன்றாகவே கேட்டது. ஒரு பாட்டியம்மாவுக்குச் செய்த கீழ்ப்பல் வரிசை கோணிக்கொண்டு போயிற்று. சாயங்காலம் பள்ளி வேன் நிற்கும் கொட்டகையைத் தேடிப் போனார்.

வேன்காரம்மா குழாயைப் பிடித்துச் சக்கரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். நானே உங்களப் பாக்கணும்னு இருந்தேன். காது டெஸ்ட் பண்ணிட்டேன்."

"எதுக்கும்மா?"

"இல்லாத சத்தம் கேக்குதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, பயந்துட்டேன். பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற வண்டி சார் இது. நாலு நாள் லீவு போட்டுட்டுப் போய்ப் பாத்தேன். நல்லாத்தான் இருக்குங்கறாங்க. ஆனா நீங்க இத்தன வருஷமா பாக்கறவரு. அதான் ஒண்ணும் புரியல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. வெட்கத்தில் கூனிக் குறுகி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க காதுல ஒரு குறையும் இல்லம்மா. எனக்குத்தான் கேக்கல."

வேன்காரம்மா குழாயை மூடினார்.

"எப்ப தெரிஞ்சுது சார்?"

நேற்று என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"கையெழுத்துப் போடறதுக்கு முந்தின நாள்."

அந்த அம்மா திட்டியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வேன்காரம்மாவோ வேனின் காலி இருக்கைகளைப் பார்த்தபடி நின்றார்.

"மூணு குருவி இருக்குன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருந்தேன் சார். தெனமும் அந்தப் பக்கம் போறப்ப எல்லாம் ஜன்னல்ல தொங்குவாங்க. அப்புறம், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், அங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். நாளைக்கு அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

வேன்காரம்மா பதிலை எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்துகொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார்.