தொட்டிக்கு அடியில் ஒரு கல்யாண கார்டு

பாயா ரும்புட்டில் உள்ள எங்கள் வீட்டு கார் போர்ச், கழுவும் தண்ணீர் வாசலோர வடிகாலான லோங்காங்குக்கு ஓடும்படி சற்றே சரிவாக இருக்கும். அது தெரிந்தும் மூன்றடி மீன் தொட்டியை ஸ்டாண்டோடு அங்கேதான் வைத்தோம். நிரப்பியதும் ஒரு பக்கம் தண்ணீர் ஒரு விரல் உயரம் ஏறி நின்றது.

"இதுக்குப் போய் கவலப்படுறியா? அட்ட வச்சா சரியாயிடும் லா," என்றார் கணவர். பழைய கல்யாண கார்டுகளை வீசக்கூடாது என்று சேர்த்து வைப்பவர் அவர். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, தடித்த கார்டு ஒன்றை மடித்துத் தொட்டியின் மூலைக்கு அடியில் செருகினார். தண்ணீர் மட்டமானது. நானும் பாராட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பினால், கார்டு ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மூலையிலிருந்து கண்ணாடியில் ஒரு சாண் விரிசல். மூன்று வயது மகள் வழக்கம்போல் ஓடிப்போய் அதில் மூக்கை ஒட்டினாள். அவளை அள்ளிக்கொண்டு போய் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். மீன்களை வாளிக்கு மாற்றினோம்.

"சிலிக்கன் பூசிப் பாப்போமா?"

"வேணாம். புதுசு வாங்குங்க. இந்தத் தடவ நான்தான் வைப்பேன்."

வைத்தேன், ஹாலில். காலி ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஸ்டாண்டின் காலுக்கு அடியில்தான் தகடு கொடுத்தேன். கண்ணாடிக்கு அடியில் எதைச் செருகினாலும் பாரம் முழுக்க அங்கேயே இறங்கும். கால் பங்கு நிரப்பி, மறுபடி மட்டம் பார்த்த பிறகே மீதித் தண்ணீர்.

வருகிற கல்யாண கார்டுகளை, கல்யாணம் முடிந்த மறுநாளே கிழித்துவிடுகிறேன். யார் என்ன நினைத்தாலும் சரி.